கழிப்பறையில் தொடங்கிய தொண்டு

தமிழகத்தின் எந்த ஊருக்குச் சென்றாலும் பற்கள் வைத்த சக்கரச் சின்னம் ஒன்று கண்ணில் படாமல் போகாது. பேருந்து நிழற்குடையின் நெற்றியில், அரசுப் பள்ளியின் குடிநீர்த் தொட்டியில், எரிவாயு தகன மேடையின் நுழைவாயிலில் அது பொறிக்கப்பட்டிருக்கும். அது ரோட்டரி சங்கத்தின் சின்னம் என்பது பலருக்கும் தெரியும். அச்சங்கத்தைத் தொடங்கிய பால் ஹாரிஸ் என்னும் வழக்குரைஞரின் பெயரையும் சிலர் அறிந்திருப்பர். ஆனால், அச்சங்கம் மேற்கொண்ட முதல் பெரும் பொதுப்பணி ஒரு கழிப்பறை என்பதை, அதில் உறுப்பினர்களாக இருக்கும் நண்பர்கள் சிலரிடம் நான் சொன்னபோது அவர்களே வியந்தார்கள். விழா மேடையில் எடுத்துச் சொல்லத்தக்க செய்தியாக அது யாருக்கும் தோன்றவில்லை போலும். எனக்கோ, ஹாரிஸின் வாழ்க்கையில் நின்று நிதானித்துப் பார்க்க வேண்டிய இடமே அதுதான்.

காந்தியடிகள் பிறப்பதற்கு ஓராண்டு முன்னர், 1868 ஏப்ரல் 19 அன்று, அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், மிச்சிகன் ஏரிக்கரையிலுள்ள ரசீன் நகரில் பால் ஹாரிஸ் பிறந்தார். தந்தை நடத்திய வணிகம் நொடித்துப் போயிற்று. குடும்பத்தைக் காப்பாற்ற வழியற்ற அவர், மூன்று வயதுக் குழந்தையான பாலையும் மூத்த மகனையும் அழைத்துக்கொண்டு வெர்மாண்ட் மாநிலத்திலுள்ள வாலிங்ஃபோர்டு என்னும் சிற்றூருக்குச் சென்று, தம் பெற்றோரிடம் ஒப்படைத்தார். தாயும் தந்தையும் மீண்டும் சேர்ந்து குடும்பம் நடத்த முயன்றபோதெல்லாம் பணமுடை குறுக்கே நின்றது. ஆகவே, தாத்தா ஹோவர்டும் பாட்டி பமீலாவுமே பாலுக்கு எல்லாமுமாக இருந்தனர். தாத்தா அதிகம் பேசாதவர். உழைப்பையும் சிக்கனத்தையும் உயிராகக் கொண்டவர். மலைகளுக்கிடையே அமைந்த அந்த ஊரில் ஒருவரையொருவர் அறியாதவர் இல்லை. வெவ்வேறு திருச்சபைகளைச் சேர்ந்தவர்களும் அண்டை வீட்டுக்காரர்களாக ஒற்றுமையுடன் வாழ்ந்தனர். பிற்காலத்தில் ஹாரிஸ் எழுதிய நூல்களில் அந்தப் பள்ளத்தாக்கின் நினைவு திரும்பத் திரும்ப வருகிறது. தம் தன்வரலாற்றில் சங்கத்தைப் பற்றி எழுதியதைவிடத் தாத்தா வீட்டைப் பற்றியே அவர் அதிக நேசத்துடன் எழுதியிருக்கிறார் என்பது என் எண்ணம்.

நற்பிள்ளையாக அவர் வளர்ந்தார் என்று சொல்வதற்கில்லை. குறும்புக்குப் பேர்போனவர். வெர்மாண்ட் பல்கலைக்கழகம் 1886இல், மாணவர் சிலர் செய்த ஒழுங்கீனத்தின் பேரில் அவரையும் சேர்த்து வெளியேற்றியது. (அதே பல்கலைக்கழகம் பின்னாளில் அவருக்குக் கௌரவப் பட்டம் அளித்தது.) பிறகு பிரின்ஸ்டனில் சேர்ந்தார். தாத்தாவின் மறைவு அந்தப் படிப்பையும் நிறுத்தியது. ஒரு சலவைக்கல் நிறுவனத்தில் சிறிது காலம் எடுபிடி வேலை பார்த்துவிட்டு, அயோவா பல்கலைக்கழகத்தில் 1891இல் சட்டப் படிப்பை முடித்தார்.

பட்டம் பெற்றவர் வழக்குமன்றப் படியேறவில்லை. அவ்வாண்டு பட்டமளிப்பின்போது பேசிய முன்னாள் மாணவர் ஒருவர், இளம் வழக்குரைஞர்கள் முதல் ஐந்தாண்டுகளைச் சிற்றூர் ஒன்றில் அசட்டுத்தனங்களில் கழித்துவிட்டுப் பின்னர் பெருநகருக்குப் போவது நல்லது என்று விளையாட்டாகக் கூறியிருந்தார். ஹாரிஸ் அதைத் தம் விருப்பப்படி மாற்றிக்கொண்டார். ஓர் ஊரில் ஐந்தாண்டு இருப்பதற்குப் பதிலாக, ஐந்தாண்டும் ஊர் ஊராகத் திரிந்தார். சான் பிரான்சிஸ்கோவில் செய்தியாளர், உலர்திராட்சைத் தொழிலகத்தில் கூலியாள், லாஸ் ஏஞ்சலிஸில் ஆசிரியர், டென்வரில் நாடக நடிகர், பிறகு மாட்டுப் பண்ணையில் மேய்ப்பர், ஃபுளோரிடாவில் தங்கும் விடுதியின் இரவு எழுத்தர், சலவைக்கல் விற்பனைப் பிரதிநிதி என்று அவர் பார்க்காத வேலையில்லை. இங்கிலாந்தைப் பார்க்கும் ஆவலில் மாடுகளை ஏற்றிச் செல்லும் கப்பலில் வேலைக்குச் சேர்ந்து, அழுகிய உணவும் அடியும் மலிந்த அந்தப் பயணத்தையும் அனுபவித்தார். நம் ஊரில் இப்படி ஒரு பிள்ளை திரிந்தால் உருப்படாதவன் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவோம். ஆனால், பிற்காலத்தில் எத்தொழில் செய்வோருடனும் ஏற்றத்தாழ்வின்றி அமர்ந்து பேச அவரால் முடிந்ததற்கு அந்த ஐந்தாண்டுகளே பள்ளிக்கூடம்.

1896இல் அவர் சிகாகோவில் குடியேறி வழக்குரைஞர் தொழிலைத் தொடங்கினார். அந்நகரம் அப்போது வெறிகொண்டதுபோல் வளர்ந்துகொண்டிருந்தது. 1871ஆம் ஆண்டின் பெருந்தீயில் பேரளவில் எரிந்துபோன ஊர், 1900இல் ஏறத்தாழ 17 லட்சம் மக்களைக் கொண்ட மாநகராகியிருந்தது. பல நாடுகளிலிருந்தும் கிராமங்களிலிருந்தும் வந்து குவிந்தவர்கள் ஒருவரையொருவர் அறியாமல் நெருங்கி வாழ்ந்தனர். ஹாரிஸுக்கு வேலை நாள்கள் எப்படியோ கழிந்தன. ஞாயிற்றுக்கிழமைதான் கடக்க முடியாததாக இருந்தது. ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு தேவாலயத்துக்குப் போய்ப் பார்த்தார், பூங்காக்களில் நடந்தார். எங்கும் கூட்டம் இருந்தது. அறிந்த முகம் இல்லை. சொந்த ஊரைவிட்டுச் சென்னைக்கோ பெங்களூருக்கோ வேலைக்குச் சென்று, வாடகை அறையில் ஞாயிறு மாலையைக் கழித்த எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

1900ஆம் ஆண்டில் ஒரு மாலை, நகரின் வடபகுதியில் வசித்த வழக்குரைஞர் நண்பர் ஒருவர் அவரை உணவுக்கு அழைத்தார். உணவுக்குப் பின் இருவரும் உலாவச் சென்றபோது, வழியிலிருந்த கடைக்காரர்களை நண்பர் பெயர் சொல்லி விளித்து, ஹாரிஸை அறிமுகம் செய்துவைத்தார். வாலிங்ஃபோர்டின் தெரு இந்த நகரத்துக்குள்ளும் இருக்கக் கூடும் என்று ஹாரிஸுக்கு அப்போது தோன்றியது. தம்மிடம் வருவோர் கட்சிக்காரர்களாக மட்டுமன்றி நண்பர்களாகவும் ஏன் இருக்கக் கூடாது என்று எண்ணினார். அந்த எண்ணம் செயலாக ஐந்தாண்டுகள் ஆயின.

1905 பிப்ரவரி 23, வியாழக்கிழமை. நிலக்கரி வணிகர் சில்வெஸ்டர் ஷீலுடன் ஓர் இத்தாலிய உணவகத்தில் சாப்பிட்ட ஹாரிஸ், அவரையும் அழைத்துக்கொண்டு டியர்பார்ன் தெருவிலிருந்த யூனிட்டி கட்டடத்தின் 711ஆம் எண் அறைக்குச் சென்றார். அது சுரங்கப் பொறியாளர் கஸ்டவஸ் லோயரின் அலுவலகம். தையற்கடை உரிமையாளர் ஹைரம் ஷோரி அங்கே வந்திருந்தார். நான்கு பேர், சில நாற்காலிகள், ஒரு மேசை: அவ்வளவே தொடக்கம். ஒரு தொழிலுக்கு ஒருவர் மட்டுமே உறுப்பினர் என்று விதித்துக்கொண்டார்கள். போட்டியாளர் இல்லாத இடத்தில் நட்பு எளிதென்பது கணக்கு. கூட்டத்தை ஒவ்வொருவர் அலுவலகத்திலும் மாற்றி மாற்றிச் சுழற்சியில் நடத்தியதால் ரோட்டரி என்ற பெயர் அமைந்தது. அடைமொழிகளை விடுத்து இயற்பெயரால் மட்டுமே ஒருவரையொருவர் அழைக்க வேண்டும் என்பதும் வழக்கமாயிற்று. ஐந்தாவதாக வந்து சேர்ந்த அச்சக உரிமையாளர் ஹாரி ரகிள்ஸ், நாற்காலி மீது ஏறி நின்று எல்லோரையும் பாடவைத்தார். முதல் நால்வரில் லோயரும் ஷோரியும் நெடுநாள் நீடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இங்கே எங்கும் தொண்டு என்ற சொல் வரவில்லை என்பதை வாசகர் கவனித்திருப்பார். அது தற்செயல் அன்று. 1906ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட முதல் சட்டவிதிகளில் இரண்டே நோக்கங்கள்தாம் இருந்தன. ஒன்று, உறுப்பினர்களின் வணிக நலன். மற்றொன்று, நல்ல தோழமை. யார் யாருக்கு எவ்வளவு வணிகம் வாங்கிக் கொடுத்தார் என்பதைப் பதிவுசெய்யவே ஒருவர் நியமிக்கப்பட்டிருந்தார். பட்டவர்த்தனமாகச் சொன்னால், அது ஒருவருக்கொருவர் வாடிக்கை பிடித்துத் தரும் கூட்டம்.

அதை மாற்றியது, உள்ளே வர மறுத்த ஒருவர். உறுப்பினரான கண்ணாடி வணிகர் ஃபிரெடரிக் ட்வீட், காப்புரிமை வழக்குரைஞர் டொனால்ட் கார்ட்டரை 1906இல் சேருமாறு அழைத்தார். விதிகளைப் படித்துப் பார்த்த கார்ட்டர், தன் உறுப்பினர்களைத் தவிர வேறெவர்க்கும் பயன்படாத சங்கம் நிலைக்காது என்று கூறி மறுத்துவிட்டார். வேறொரு சங்கமாக இருந்தால் அவரைத் திமிர் பிடித்தவர் என்று ஒதுக்கியிருக்கும். இவர்களோ, வேண்டிய திருத்தத்தை நீரே எழுதும் என்று அவரை உள்ளே அழைத்துக்கொண்டார்கள். சிகாகோ நகரின் நலனையும் அதன் குடிமக்களின் பொறுப்புணர்வையும் வளர்ப்பது என்ற மூன்றாம் நோக்கம் அவ்வாறு சேர்ந்தது. ஹாரிஸின் பெருமை, தொண்டு என்ற கருத்தைக் கண்டுபிடித்ததில் இல்லை. இன்னொருவர் சொன்னது சரி என்று கண்டவுடன் தாம் தொடங்கிய சங்கத்தை அதன் பக்கம் திருப்பியதில் இருக்கிறது.

1907இல் சிகாகோ சங்கத்தின் தலைமையை ஏற்ற அவர், மூன்றாம் நோக்கத்துக்கு உருக்கொடுக்க ஒரு பணியைத் தேடினார். அவர் தேர்ந்தெடுத்தது பொதுக் கழிப்பறை. நகரின் நடுப்பகுதிக்கு வருவோருக்கு இயற்கை அழைப்பைத் தீர்த்துக்கொள்ள இரண்டே வழிகள் இருந்தன. ஆண்கள் மதுக்கடைக்குள் நுழைய வேண்டும். பெண்கள் பெரிய பல்பொருள் அங்காடிகளுக்குள் செல்ல வேண்டும். ஒரு கோப்பை பீராவது ஒரு முழத் துணியாவது வாங்காமல் வெளியே வருவது பலருக்குக் கூச்சம். நகர மன்றத்துக்கு அருகே எல்லோருக்குமான கழிப்பறை ஒன்றை மாநகராட்சி கட்ட வேண்டும் என்று பிற பொதுநல அமைப்புகளையும் அழைத்துக் கூட்டம் கூட்டினார் ஹாரிஸ்.

கழிப்பறையை எதிர்ப்பவர்களும் இருப்பார்களா என்று கேட்கலாம். இருந்தார்கள், வலுவானவர்களாகவும் இருந்தார்கள். மதுத் தயாரிப்பாளர் சங்கம், நகரின் ஆயிரக்கணக்கான மதுக்கடைகள் ஆண்களுக்கு அவ்வசதியை அளித்துக்கொண்டிருக்கும்போது தனியாக எதற்கு என்று கேட்டது. ஸ்டேட் தெருவின் அங்காடி உரிமையாளர்கள், பெண்களுக்குத் தங்கள் கடைகளில் இலவச வசதி இருக்கிறதே என்றார்கள். மனிதரின் அவசரம் அவர்களுக்கு வாடிக்கையாளர் வரத்து. ஹாரிஸின் சங்கத்தில் இருந்தவர்களும் வணிகர்களே. நகரின் இரு பெரும் வணிகக் கூட்டங்களை அவர்கள் பகைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. தோழமையும் வணிகமும் போதுமே, இந்த வீண் வேலை எதற்கு என்று முணுமுணுத்த பழைய உறுப்பினர்களும் இல்லாமலில்லை. இரண்டாண்டு முயற்சிக்குப் பின்னர் அக்கழிப்பறை அமைந்தது.

நூறு ஆண்டுகளுக்கும் மேலான பிறகு இதை நான் எழுதும்போதும், நம் பேருந்து நிலையங்களில் காத்திருக்கும் பெண்கள் கழிப்பறைக்கு அஞ்சித் தண்ணீர் குடிப்பதைத் தவிர்க்கிறார்கள். இலவசம் என்று எழுதிய பலகையின் கீழேயே காசு வாங்கும் ஆள் அமர்ந்திருப்பதையும் காண்கிறோம். இதைக் கேட்பதற்குப் பொன்னாடையோ பதாகையோ தேவையில்லை. ஒப்பந்தக்காரரையும் உள்ளூர்ப் பெருங்கடைக்காரரையும் பகைத்துக்கொள்ளும் துணிவு தேவை. சக்கர நாற்காலி வழங்குவதும் கண் சிகிச்சை முகாம் நடத்துவதும் நல்ல பணிகளே. அவற்றை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால், அவற்றுக்கு எதிரி கிடையாது. ஹாரிஸ் முதலில் தேர்ந்தெடுத்த பணிக்கு எதிரிகள் இருந்தனர்.

அதன்பின் வளர்ச்சி விரைவாக நடந்தது. 1908 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் இரண்டாம் சங்கம். 1910 ஆகஸ்டில் சிகாகோவில் 16 சங்கங்களின் முதல் மாநாடு. விரைவிலேயே கனடாவின் வின்னிபெக், கடல் கடந்து டப்ளின், லண்டன். மாநாட்டில் தலைவரான ஹாரிஸ் இரண்டாண்டுகளே அப்பொறுப்பில் இருந்தார். உடல்நலம் குன்றவே 1912இல் விலகிக்கொண்டார். நிர்வாகச் சுமையை 1910 முதல் 32 ஆண்டுகள் தாங்கியவர் செஸ்லி பெர்ரி என்னும் செயலாளர். தாம் வரைபடம் போட்டவர் என்றால் கட்டி எழுப்பியவர் அவரே என்ற பொருளில் ஹாரிஸ் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். நிறுவனர்களிடம் எளிதில் காண முடியாத குணம் இது. இன்று நம் ஊர்களில் ரோட்டரிக்கு அருகிலேயே காணப்படும் அரிமா சங்கமும் அதே சிகாகோவில் 1917இல், மெல்வின் ஜோன்ஸ் என்னும் காப்பீட்டு முகவரின் முயற்சியால் உருவானது. அவரும் வணிகர் வட்டம் ஒன்றிலிருந்தே, வணிகத்துக்கு அப்பால் எதுவும் இல்லையா என்ற கேள்வியுடன் புறப்பட்டவர்.

ஹாரிஸின் இல்லறம் 1910இல் தொடங்கியது. மலையேற்ற, நடைப்பயணக் குழு ஒன்றில் அறிமுகமான ஜீன் தாம்சன், ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் பிறந்தவர். நடையின்போது ஹாரிஸின் மேலங்கி கிழிந்ததும், அதைத் தைத்துத் தர அப்பெண் முன்வந்ததும் அவர்கள் காதலின் தொடக்கமாகச் சொல்லப்படுகின்றன. குழந்தைகள் இல்லை. சிகாகோவில் வாங்கிய வீட்டுக்கு, ஜீன் வளர்ந்த தெருவின் நினைவாகக் கம்லி பேங்க் என்று பெயரிட்டனர். உலகெங்குமிருந்து வந்த விருந்தினர் அவ்வீட்டுத் தோட்டத்தில் மரங்களை நட்டனர்.

ஓஹையோ மாநிலத்தில் எட்கர் ஆலன் என்பவர் டிராம் விபத்தில் மகனை இழந்தவர். அந்தத் துயரத்தில் மருத்துவமனை கட்டத் தொடங்கி, உடல் ஊனமுற்ற குழந்தைகளுக்கு வேண்டிய சிகிச்சை எங்குமே இல்லை என்பதைக் கண்டார். அவர் ரோட்டரிச் சங்கங்களின் துணையுடன் எழுப்பிய இயக்கம் நாடு தழுவியதாக வளர்ந்தபோது, அதன் ஆட்சிக்குழுவின் முதல் தலைவராக ஹாரிஸ் பொறுப்பேற்றார். பிற்காலத்தில் ரோட்டரி 1985இல் போலியோ ஒழிப்பைத் தன் உலகப் பணியாக வரித்துக்கொண்டபோது, அதற்கு ஒரு பழைய வேர் இருந்தது. இந்தியாவின் கடைசி போலியோ பாதிப்பு 2011 ஜனவரியில் பதிவானது ஹவுராவில். 1920இல் இந்தியாவின் முதல் ரோட்டரி சங்கம் ஏற்பு பெற்ற கல்கத்தாவுக்கு எதிர்க்கரை அது. சென்னைக்கும் கொழும்புக்கும் ரோட்டரி வந்தது 1929இல்.

உடல் தேறியபின் ஹாரிஸும் ஜீனும் ஐரோப்பா, தென்னாப்பிரிக்கா, ஜப்பான், ஆஸ்திரேலியா, தென்னமெரிக்கா என்று பயணம் செய்தனர். சென்ற இடமெல்லாம் நட்பின் அடையாளமாக மரம் நட்டார் ஹாரிஸ். முதல் மரம் 1932இல் பெர்லினில் நடப்பட்டது. அடுத்த ஆண்டே ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். 1937இல் ஜெர்மானியச் சங்கங்கள் கலைக்கப்பட்டன. 1940இல் ஜப்பானியச் சங்கங்கள் விலகின. நட்பு போதும், போரைத் தடுத்துவிடலாம் என்று நம்பிய ஒருவர், தம் எழுபதாம் வயதையொட்டி இவற்றையெல்லாம் காண நேர்ந்தது. அந்த நம்பிக்கையில் வெகுளித்தனம் இருந்தது என்று கூறுவோர் அக்காலத்திலேயே இருந்தனர். வாரந்தோறும் விருந்துண்டு பாட்டுப் பாடும் வணிகர் கூட்டம் என்று எழுத்தாளர்கள் பலர் ரோட்டரியை எள்ளி நகையாடினர். ஹாரிஸ் அதற்குச் சினம் கொள்ளாமல், குறை கூறுவோர் சங்கத்துக்கு நன்மையே செய்கிறார்கள் என்ற கருத்துடையவராக இருந்தார்.

அவர் காலத்துச் சங்கத்தின் பெருங்குறை வேறொன்று. முதல் பணியான கழிப்பறை பெண்களுக்கும் பயன்பட்டது. ஆனால் சங்கத்தில் பெண்களுக்கு இடமில்லை. கலிபோர்னியாவின் டுவார்ட்டே சங்கம் மூன்று பெண்களைச் சேர்த்துக்கொண்டதற்காக 1978இல் விலக்கப்பட்டது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்று, 1987இல் பெண்களுக்குச் சாதகமாக முடிந்தது. 1989இல்தான் உலகம் முழுவதும் விதி மாறியது. கார்ட்டருக்குக் கதவைத் திறந்த சங்கம், பாதி உலகுக்குத் திறக்க 84 ஆண்டுகள் எடுத்துக்கொண்டது.

அந்தச் சக்கரத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். முதலில் அது வண்டிச் சக்கரமாகத்தான் வரையப்பட்டது. பின்னர் 24 பற்களும் 6 ஆரங்களும் கொண்ட இயந்திரச் சக்கரமாயிற்று. பொறியாளர்களான உறுப்பினர்கள் அதைப் பார்த்துவிட்டு, அச்சுத் தண்டுடன் பூட்டுவதற்கான காடி நடுவில் இல்லையே, இப்படியிருந்தால் சக்கரம் சும்மா சுற்றுமே தவிர விசையைக் கடத்தாதே என்றார்கள். 1920களில் அக்காடி சேர்க்கப்பட்டது. அடுத்த முறை நிழற்குடையில் பார்க்கும்போது நடுத்துளையின் ஓரத்தில் தேடிப் பாருங்கள்.

நீண்ட நாள் நோயுற்றிருந்த ஹாரிஸ், 1947 ஜனவரி 27 அன்று, தம் 78ஆம் வயதில் சிகாகோவில் காலமானார். தமக்கு மலர்வளையம் வைக்க வேண்டாம், அப்பணத்தை ரோட்டரி அறக்கட்டளைக்குக் கொடுங்கள் என்பது அவர் விருப்பம். 1917இல் எண்ணமாகத் தோன்றி, முப்பது ஆண்டுகள் பெரிதாக வளராமல் இருந்த அந்த அறக்கட்டளைக்கு அடுத்த 18 மாதங்களில் ஏறத்தாழ 13 லட்சம் டாலர் வந்து சேர்ந்தது. அவ்வாண்டே 18 மாணவர்கள் உதவித்தொகை பெற்று வெளிநாடுகளுக்குப் படிக்கச் சென்றனர்.

ஜீன் பின்னாளில் எடின்பரோவுக்கே திரும்பி, 1963இல் அங்கே மறைந்து, அம்மண்ணிலேயே அடக்கம் செய்யப்பட்டார். ஹாரிஸின் கல்லறை சிகாகோவின் மவுண்ட் ஹோப் இடுகாட்டில் இருக்கிறது. அவருக்கு ஓராண்டு முன்னதாக மறைந்த நிலக்கரி வணிகர் சில்வெஸ்டர் ஷீலின் கல்லறையும் அதற்கு அருகில்தான் இருக்கிறது.